துப்பாக்கி சாலையில் இறங்கும்போது

லைசென்ஸ் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும், பிள்ளையைத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு அனுப்ப ஆசைப்படுபவர்களுக்கும் கெடா மண் சொல்லும் பாடங்கள்

கெடாவில் செம்பனை நிற்கும் இடமெல்லாம் காட்டுப்பன்றியும் வந்து நிற்கும். புதிதாக நட்ட கன்றின் அடியைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டு விடிவதற்குள் காட்டுக்குள் போய்விடும். சிக், பாலிங், பாடாங் தெராப் பக்கம் காட்டை ஒட்டிய நிலங்களில் யானையும் இறங்கும். பயிரைக் காக்க வேண்டும் என்பதால்தான் தோட்ட நிர்வாகங்களிடமும் சிறு நிலக்காரர்களிடமும் லைசென்ஸ் பெற்ற வேட்டைத் துப்பாக்கி பல காலமாக இருந்து வருகிறது. நடுவில் ஒடித்துத் திறந்து தோட்டா போடும் நீளக் குழல் துப்பாக்கி அது. 'செனாப்பாங் பாத்தா' என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் புரியும்.

இன்னொரு பக்கம், துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நூர் சூர்யானி முகமட் தாயிபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நின்றபோது, மலேசியாவில் பல வீடுகளில் முதன்முறையாக இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவிலும் துப்பாக்கி சுடுதல் உண்டு. எலவேனில் வாலறிவன், பிரித்விராஜ் தொண்டைமான் என்று தமிழ்ப் பெயர்கள் உலக அரங்கில் ஒலிப்பதைக் கேட்கும் நம் இளைஞர்கள், நாமும் சுட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பதில் வியப்பில்லை.

பயிர் காப்பவருக்கும் பதக்கம் தேடுபவருக்கும் ஒரு பொதுவான சிக்கல் இருக்கிறது. வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் வம்பில் மாட்டிவிடுவதில்லை. சுடுதளத்துக்குள் போய்விட்டால் அங்கே கண்காணிக்க ஆள் உண்டு, விதி உண்டு. வீட்டுக்கும் சுடுதளத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த முப்பது நாற்பது கிலோமீட்டர் சாலைதான் ஆபத்தானது. உயிருக்கும் ஆபத்து, சட்டத்தின் கண்ணிலும் ஆபத்து. இந்தச் சாலையைப் பற்றி நம் சமூகத்தில் யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் எதைப் பார்க்கிறது?

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை ஆகாது. மாநிலப் போலீஸ் தலைவர் தரும் அனுமதியால்தான் அது வீட்டுக்குள் வருகிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதற்கு அடிப்படை. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு மேல் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது; தண்டனைகளைக் கடுமையாக்கவே கொண்டுவரப்பட்டது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் அதில் உண்டு.

இங்கே பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. லைசென்ஸ் குறிப்பிட்ட ஆளுக்கும் குறிப்பிட்ட துப்பாக்கிக்கும் உரியது. யார், எந்தத் துப்பாக்கி, எந்தத் தேவைக்கு, எவ்வளவு தோட்டா என்பதெல்லாம் அதில் அடங்கும். அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தால் மகன் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தோட்ட மேலாளர் பெயரில் இருக்கும் துப்பாக்கியைக் காவலாளி எடுத்துச் செல்ல வேண்டுமானால், எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் அவர் பெயரில் தனிப் பெர்மிட் வேண்டும். "துரைதான் கொடுத்தாரு, எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று சாலைத் தடுப்பில் நின்று சொல்வது எடுபடாது. பன்றியையே சுடுவதானாலும், துப்பாக்கி லைசென்ஸ் தனி, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் வேட்டை லைசென்ஸ் தனி. பயிர் காக்க என்று கொடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போகலாமா என்பதையும் போலீசிடம் கேட்டுத் தெளிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன்?

கெடாவின் வரலாற்றைப் புரட்டினால் பதில் கிடைக்கும். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கியது. அப்படிப் பின்வாங்கிய வழிகளில் விடப்பட்ட ஆயுதங்கள் பல, பின்னர் காட்டில் போராடியவர்களின் கைக்குப் போயின. போர் முடிந்தும் துப்பாக்கிகள் காட்டிலேயே தங்கின. 1948 ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற விதியும் வந்தது.

அந்த விதிக்குப் பலியானவர்களில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி. 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் கைத்துப்பாக்கியுடனும் தோட்டாக்களுடனும் அவர் பிடிபட்டார். கண்டெடுத்த துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோய்க் கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு வாதமாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வாதம் ஏற்கப்படவில்லை. இந்திய அரசு எடுத்த முயற்சிகளும் அவரைக் காப்பாற்றவில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதி வழக்கின் அரசியலைப் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. அரசியலை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம் மிஞ்சும். துப்பாக்கியோடு சாலையில் நிற்பவரின் மனசுக்குள் என்ன இருந்தது என்பதைச் சட்டம் எளிதில் நம்புவதில்லை. கையில் என்ன இருந்தது, அதற்குக் காகிதம் இருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்கிறது.

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் கெடாவின் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் அன்றைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் பேச உட்கார்ந்தார்கள். ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைவதா என்ற கேள்வியில்தான் அந்தப் பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960இல் முடிந்தும் துப்பாக்கிமீது அரசுக்கு இருந்த பயம் முடியவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு மரண தண்டனையைத் தொடர்ந்து வைத்திருந்தது. 1977இல் மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பினாங்கில், 14 வயதுச் சிறுவனுக்குத் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, நாடே கொதித்த பிறகு அது குறைக்கப்பட்டது. அந்தப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டுவிட்டது.

2000 ஜூலையில் பாலிங்குக்கு அண்டையிலுள்ள கெரிக்கில் இன்னொரு சம்பவம் நடந்தது. இராணுவ அதிகாரிகள் போல் உடையணிந்து, திடீர்ச் சோதனை என்று சொல்லி முகாமுக்குள் நுழைந்த அல்-மாவுனா என்ற கும்பல், நூறு துப்பாக்கிகளுக்குமேல் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு சாவுக் மலைக்குப் போனது. பிணையாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட இருவரில் ஒருவர் போலீஸ்காரர் ஆர். சகாதேவன். வண்டிக்குள் துப்பாக்கி இருக்கிறது என்றதும் வடக்கே உள்ள ஒரு போலீஸ்காரரின் முகம் ஏன் மாறுகிறது என்று கேட்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் வைப்பதற்கு முன்

இனி செய்முறைக்கு வருவோம். முதல் வேலை துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது. குழலைப் பத்திரமான திசையில், வீட்டில் யாரும் இல்லாத பக்கம் தரையை நோக்கிப் பிடிக்க வேண்டும். விரல் விசையின்மேல் போகக் கூடாது. மேலே உள்ள நெம்பைத் தள்ளினால் செனாப்பாங் பாத்தா நடுவில் ஒடிந்து திறக்கும். தோட்டா உட்காரும் துளையில் கண்ணை வைத்துப் பாருங்கள். குழல் நெடுகிலும் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். பிறகு சுண்டு விரலை அந்தத் துளைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். கண் ஏமாறினாலும் விரல் ஏமாறாது. இந்த இரண்டையும் வீட்டில் ஒருமுறை, சுடுதளத்தில் ஒருமுறை, திரும்பக் கிளம்பும்போது ஒருமுறை செய்வது வழக்கமாக வேண்டும். வெறும் துப்பாக்கி என்று நினைத்துக் கையாண்டு உயிர் போன சம்பவங்கள் உலகமெங்கும் உண்டு.

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளியே சுத்தியல் தெரியும் பழைய ரகங்களில், தோட்டா உள்ளே இருக்கும்போது அந்தச் சுத்தியலில் பலமாக ஓர் அடி பட்டாலே வெடித்துவிடலாம். தோட்டா போட்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் போகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. குழியில் வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. அதை உடனே நிறுத்த வேண்டும்.

வெறுமை என்று உறுதியானதும் குழலையும் கட்டைப்பிடியையும் கழற்றிப் பிரித்து, உள்ளே பஞ்சணை வைத்த கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கழற்ற முடியாத ரைபிள் என்றால் விசையைப் பூட்டும் பூட்டைப் போட்டுப் பெட்டியில் வைக்கலாம். தோட்டாக்கள் அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும். சட்டைப் பையிலும் காடியின் டேஷ்போர்டிலும் சில்லறைபோல் உருளவிடக் கூடாது. அந்த அட்டைப் பெட்டியை வேறொரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பூட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது எந்த நாட்டிலும் நல்ல சுடுநர்கள் கடைப்பிடிக்கும் விதி. திருடன் ஒன்றைத் தூக்கினாலும் இன்னொன்று அவன் கைக்குப் போகாது. குழந்தை ஒன்றைத் திறந்தாலும் ஆபத்து பாதியில் நின்றுவிடும்.

அன்றைக்கு எத்தனை தோட்டா தேவையோ அத்தனை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். எண்ணி, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். சுட்டது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று மாலையில் அதே பக்கத்தில் எழுதினால், போலீஸ் கணக்குக் கேட்கும் நாளில் அந்த நோட்டு பேசும்.

சாலையில்

பெட்டிகள் காடியின் பின்பக்கச் சாமான் அறையிலே போக வேண்டும், யார் கண்ணிலும் படாமல். பின்சீட்டில் வைத்துத் துண்டைப் போட்டு மூடுவது வேண்டாத ஆர்வத்தைத்தான் கிளப்பும். லைசென்ஸின் அசல், அடையாள அட்டை, கிளப் உறுப்பினர் அட்டை, போட்டி என்றால் அழைப்புக் கடிதம் ஆகியவை ஓட்டுபவரின் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துப்பாக்கிப் பெட்டிக்குள் வேண்டாம். காகிதம் எடுக்கத் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்க நேர்ந்தால் அதுவே பதற்றத்துக்கு வழி.

சுங்கைப் பட்டாணியிலிருந்து கிளம்பினால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குரூண் ஓய்விடம் வரும். ஒரு தே தாரேக் குடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆளில்லாத காடியில் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போவது எவ்வளவு குறைந்த நேரமானாலும் தவறு. வண்டியே திருடு போகும் ஊர்களில் வாழ்கிறோம். கழிப்பறைக்குப் போக நேரலாம் என்பதால் கிளம்பும்போதே ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் வண்டியிலேயே இருக்கட்டும். உறவினர் வீடு, கோயில் திருவிழா, சந்தை என்று வழியில் இறங்கும் திட்டத்தை அன்றைக்கு மட்டும் ஒத்திப் போடுங்கள். வீட்டிலிருந்து சுடுதளம், சுடுதளத்திலிருந்து வீடு. பயணம் நேராக இருந்தால்தான் நோக்கமும் நேரானது என்று காட்ட முடியும்.

வெயிலில் நிறுத்திய காடிக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டும். தோட்டா அதில் உடனே வெடித்துவிடாது என்றாலும், நாள்கணக்கில் சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் மருந்து கெட்டு, சுடும்போது சதி செய்யும்.

சாலைத் தடுப்பில் நிறுத்தினால் பதறாமல் கண்ணாடியை இறக்குங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கின்மேல் இருக்கட்டும். அவர் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுவது நல்லது: "துவான், டி பெலாக்காங் அடா செனாப்பாங். லெசென் அடா. பெலுரு அசிங்." பின்னால் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, தோட்டா தனியாக இருக்கிறது. இந்த மூன்று செய்தியும் முதல் மூச்சிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால், மேற்கொண்டு அவர் சொல்கிறபடி செய்தால் போதும். பெட்டியைத் திறப்பதும் அவர் சொன்ன பிறகுதான்.

வேறு மாநிலத்தில் போட்டி என்றால், கிளம்புவதற்குப் பல நாள் முன்பே லைசென்ஸ் கொடுத்த போலீஸ் தலைமையகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் போவதென்றால் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். விமானப் போக்குவரத்து விதிகளின்படி, நிறுவனத்தின் ஒப்புதலோடு, ஒரு பயணி தன் சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கிலோ வரை விளையாட்டுத் தோட்டாக்களைச் செக்-இன் செய்யும் பெட்டியில் மட்டுமே அனுப்பலாம். இருவருடைய 5 கிலோவை ஒரே பெட்டியில் சேர்த்துக் கட்டக் கூடாது.

சுடுதளத்து வாசலில்

வந்து சேர்ந்ததும் பெட்டியை வாகன நிறுத்துமிடத்தில் திறந்து நண்பர்களுக்குக் காட்டும் ஆசை பலருக்கு வரும். சுடும் கோட்டுக்கு வந்து, குழல் இலக்கை நோக்கி இருக்கும்படி வைத்து, கண்காணிப்பாளர் அனுமதித்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். உலகப் போட்டிகளில் சுடாத நேரமெல்லாம் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கி வெறுமை என்பதை நாலு பேர் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள அது உதவுகிறது. உள்ளூர்ப் பயிற்சியிலும் அதை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். சில வேளைகளில் மருந்து தாமதமாகப் பற்றும். குழலை இலக்குப் பக்கமே பிடித்து, அரை நிமிடமாவது பொறுத்து, கண்காணிப்பாளரைக் கூப்பிடுங்கள். வெடிக்காத அந்தத் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. கிளம்பும் முன் பையின் மூலைமுடுக்கெல்லாம் தட்டிப் பாருங்கள். மறந்துபோன ஒரு தோட்டா அடுத்த மாதம் விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், அதற்கும் ஆயுதச் சட்டம்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கெடாக்காரர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் தாய்லாந்து. அங்குள்ள சந்தைகளில் நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கிகளைப் பிள்ளைகள் கேட்டு அடம் பிடிப்பார்கள். மலேசியச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பயணத்திலும் இதே கவனம் தேவை. சென்னை மெரினாவில் பலூன் சுடும் ஏர்கன்னைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் 4.5 மில்லிமீட்டர் குழலும் கொண்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அங்கே கடையில் வாங்கிவிடலாம். அதே ஏர்கன் மலேசியச் சட்டத்தில் ஆயுதம். பேரனுக்குப் பரிசு என்று பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் பினாங்கு விமான நிலையத்திலேயே கதை மாறிவிடும். நூர் சூர்யானி சுட்டதும் ஏர் ரைபிள்தான். பழக வேண்டுமென்றால் கிளப் வழியாகப் பழகுவதே வழி.

அப்பா விட்டுச் சென்ற துப்பாக்கி

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் லயங்களை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், சாமான்களோடு துப்பாக்கிகளும் இடம் மாறின. அப்பா இறந்துபோகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அலமாரியை ஒழிக்கும்போது துணிக்கட்டுக்குப் பின்னால் செனாப்பாங் கிடைக்கிறது. கூடவே பழைய டின்னில் பத்துப் பன்னிரண்டு தோட்டா. லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது. வீட்டையும் நிலத்தையும் போல அது பிள்ளைக்கு இறங்காது.

இந்த நேரத்தில்தான் நல்ல மனசு உள்ளவர்கள் தவறு செய்கிறார்கள். "நாமே பாலாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்திடுவோம் அண்ணே" என்று தம்பி சொல்வான். கொடுக்கத்தானே போகிறோம் என்று தோன்றும். வேண்டாம். துப்பாக்கியைத் தொடாமல் அந்த அறையைப் பூட்டிவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள், அல்லது வெறுங்கையோடு நேரில் போய், இறப்புச் சான்றிதழையும் லைசென்ஸ் பிரதியையும் காட்டிச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லட்டும். ஒப்படைத்ததும் எழுத்தில் ரசீது வாங்குங்கள். தோட்டத்து ஓடையிலோ பழைய கொட்டகையிலோ துருப்பிடித்த துப்பாக்கி கண்ணில் பட்டாலும் இதே முறைதான். ஒப்படைக்கப் போகிறேன் என்ற எண்ணம் எவ்வளவு தூய்மையானாலும், லைசென்ஸ் இல்லாத கையில் இருக்கும் துப்பாக்கி சாலையில் குற்றமாகவே பார்க்கப்படும்.

நம்பிக்கையின் விலை

துப்பாக்கி சுடுதல் சமூகத்தின் நம்பிக்கையை நம்பி வாழும் விளையாட்டு. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிகளோடு நுழைந்த ஒருவன் பதினாறு குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். மறு ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. நேர்மையாகப் பயிற்சி செய்துவந்த பிஸ்டல் வீரர்கள் தங்கள் நாட்டிலேயே பயிற்சிக்கு இடமின்றி வெளிநாடுகளுக்குப் போக நேர்ந்தது. அந்தத் தடையை யாரும் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளின் உயிருக்கு முன் பதக்கம் பெரிதல்ல. ஒருவரின் செயலுக்கு எல்லாரும் விலை கொடுக்கும் விளையாட்டு இது என்பதைத்தான் நாம் மறக்கக் கூடாது.

அதனால் இரண்டு வேண்டுகோள். கூலிம், சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் பக்கத்து இளைஞர் இயக்கங்களும் தோட்டக் கோயில் கமிட்டிகளும் உள்ளூர்ப் போலீசை அழைத்து, லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு மாலை விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். போலீசே வந்து விளக்கினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். இரண்டாவது வேண்டுகோள் குடும்பங்களுக்கு. வீட்டில் துப்பாக்கி இருந்தால், லைசென்ஸை இந்த வாரமே எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். புதுப்பிக்கும் தேதி, தோட்டா எண்ணிக்கை, நிபந்தனை, போலீஸ் நிலையத்தின் தொலைபேசி எண் எல்லாம் வீட்டில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் சுடுதளத்தில் நிற்க வேண்டும், கெடாவுக்காக நிற்க வேண்டும், நாட்டுக்காகவும் நிற்க வேண்டும். இலக்கைக் குறி பார்ப்பதற்கு முன் அவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம், வீட்டிலிருந்து சுடுதளம் வரை துப்பாக்கியை ஒழுங்காகக் கொண்டுபோய் ஒழுங்காகத் திரும்பக் கொண்டுவருவது. அதைப் பிழையில்லாமல் செய்யும் பிள்ளையை நம்பித் துப்பாக்கியைக் கையில் கொடுக்கலாம்.